விடுபட்டவர்களின் கணக்கு

திருச்சியில் ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் வேலை பார்க்கிறேன். பதவியின் பெயர் சமூகப் பணியாளர். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களைத் தேடிப் பிடித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிவைப்பதுதான் என் வேலை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. எங்கள் மையத்தில் இதை ஃபாலோ அப் என்பார்கள். மருத்துவருக்கும் கவுன்சலருக்கும் கிடைக்கிற மரியாதையில் கால்வாசிகூட இந்த மேஜைக்குக் கிடையாது. மார்ச் மாதம் பிறந்தால் மட்டும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடும். ஆண்டறிக்கைக்கு ஒரு எண் வேண்டும். “வெற்றி எத்தனை சதவீதம் போடலாம்?” என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். எத்தனை போடலாம் என்றுதான் கேட்பார்கள். எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

நூறு பேர் சிகிச்சை முடித்துப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு கழித்து அவர்களில் ஐம்பது பேரைத்தான் என்னால் பிடிக்க முடிகிறது. அந்த ஐம்பதில் நாற்பது பேர் குடிக்கவில்லை என்கிறார்கள். நாற்பதை ஐம்பதால் வகுத்தால் எண்பது சதவீதம். நூறால் வகுத்தால் நாற்பது. இரண்டுமே கணக்குப்படி சரி. அறிக்கையின் அட்டையில் எது ஏறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரக் கம்பங்களில் ‘குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், வெற்றி உறுதி’ என்று தொங்கவிடுகிறார்களே, அங்கே வகுத்தல் கூட நடந்திருக்காது.

கிடைக்காத ஐம்பது பேரும் குடித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்று முடிவு கட்டுவதும் நியாயமில்லை. திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர் இருப்பார். வளைகுடாவுக்குப் போனவர் இருப்பார். பழைய வாழ்க்கையை ஞாபகப்படுத்துகிற எந்தக் குரலும் வேண்டாம் என்று என் எண்ணையே தடை செய்துவைத்தவரும் உண்டு. அவர் மற்ற எல்லோரையும்விட நன்றாகக்கூட இருக்கலாம். ஆனாலும் இத்தனை வருடத்தில் நான் கண்டது ஒன்று: முதல் அழைப்பிலேயே எடுக்கிறவர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறார். அலைந்து திரிந்து, யார் யாரையோ கேட்டு, கடைசியில் கண்டுபிடிக்கிற ஆள் பெரும்பாலும் நன்றாக இல்லை. தேடலை எந்த இடத்தில் நிறுத்துகிறேனோ அந்த இடத்தைப் பொறுத்து மையத்தின் வெற்றி ஏறும், இறங்கும். சோம்பேறித்தனமாக வேலை பார்த்தால் எங்கள் சதவீதம் உயரும். இப்படி ஒரு வேலை உலகத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

அதனால் தேடுகிற வேலை டிஸ்சார்ஜ் நாளில் தொடங்குவதில்லை. அட்மிஷன் அன்றே தொடங்குகிறது. படிவத்தில் மூன்று தொலைபேசி எண்கள் வாங்குவேன். முதல் எண் அவருடையது. அது ஆறு மாதம் தாங்கினால் ஆச்சரியம். போன் அடகுக்குப் போயிருக்கும், அல்லது சிம் மாறியிருக்கும். இரண்டாவது மனைவி அல்லது அம்மாவின் எண். சண்டை போட்டுக்கொண்டு அவர்கள் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டால் அதுவும் வீண். மூன்றாவது எண்தான் என் சொத்து. “நீங்கள் ஊரைவிட்டே போனாலும், எங்கே போனீர்கள் என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?” என்று கேட்டு வாங்குவேன். சித்தி, மச்சினன், தெருமுனை டீக்கடைக்காரர், பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர், ஒரு தடவை ஊர்ப் பூசாரி. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும்: யார் பேசுவதாகச் சொல்ல வேண்டும் என்று. டீக்கடைக்குப் போன் போட்டு ‘மறுவாழ்வு மையத்திலிருந்து பேசுகிறேன்’ என்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சிலருக்கு நான் ‘திருச்சி அக்கா’. சிலருக்கு இன்ஷூரன்ஸ் மேடம். ஒருவருக்கு மட்டும், அவரே கேட்டுக்கொண்டபடி, நான் கூட்டுறவு வங்கி. கடிதம் போட்டால் உறையில் மையத்தின் பெயர் இருக்காது.

ஆளைப் பிடித்த பிறகு கேள்வி. ‘குடிக்கிறாரா?’ என்று மனைவியிடம் கேட்டால் ‘இல்லை, நன்றாக இருக்கிறார்’ என்று பதில் வரும். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். அல்லது, குடிக்கிறார் என்று சொன்னால் மறுபடி கூட்டிக்கொண்டு போய் அடைத்துவிடுவார்களோ என்று அந்த அம்மாவுக்கே பயம். அல்லது வெட்கம். ஆகவே நான் அப்படிக் கேட்பதில்லை. கடைசியாகக் கூலி வாங்கிய அன்று பணம் யார் கைக்கு வந்தது? தோடு அடகில் இருக்கிறதா, மீட்டாயிற்றா? பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குக் கையெழுத்துப் போட யார் போனார்கள்? நேற்று இரவுச் சாப்பாடு அவர் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்? இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்வது கடினம். யோசித்து யோசித்துப் பொய் சொன்னாலும், அந்த யோசனையே எனக்கு ஒரு பதில்.

குடித்த நாட்களை எண்ணுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. மார்க் சோபெல், லிண்டா சோபெல் என்ற உளவியலாளர் தம்பதி 1970-களில் உருவாக்கிய முறை. எதிரே ஒரு நாட்காட்டியை விரித்து வைத்துக்கொண்டு, நடந்த விசேஷங்களை முதலில் குறித்துவிட்டு, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவது. ‘மாதத்தில் எத்தனை நாள்’ என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆடிப்பெருக்கு அன்று எங்கே இருந்தீர்கள் என்றால் தெரியும். அதற்கு முந்தின ஞாயிறு? மச்சான் வீட்டுக் காதுகுத்து. அங்கே குடித்தீர்களா? இரண்டு நாள். மறுநாள் வேலைக்குப் போனீர்களா? இப்படி ஒரு மாதத்தைக் கட்டி எழுப்பிவிடலாம். எங்கள் மேஜையில் கிடப்பது ராசிபலன் போட்ட தினசரி நாட்காட்டிதான். அமாவாசை, கிருத்திகை, முகூர்த்த நாள் எல்லாம் அச்சிட்டிருக்கும். இந்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

இந்த வேலைக்கு வந்த புதிதில், எங்கள் மையத்துக்கு ஆலோசகராக வந்து போய்க்கொண்டிருந்த ஒரு மனநல மருத்துவர் சில ஆய்வுக் கட்டுரைகளை நகலெடுத்துக் கொடுத்தார். ஆங்கிலத்தை அகராதி வைத்துப் படித்தேன். அதில் ஒன்று என்னை உலுக்கிவிட்டது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் 1935-ல் அரசே ஒரு பெரிய போதை மருத்துவமனையைத் திறந்தது. பாதி சிறை, பாதி மருத்துவமனை. நோயாளிகள் மாட்டுப்பண்ணையில் வேலை பார்ப்பார்கள். அங்கிருந்து வீடு திரும்பிய ஹெராயின் நோயாளிகளைக் கொஞ்ச காலம் கழித்துப் பார்த்தபோது, கிட்டத்தட்ட எல்லோருமே மறுபடி ஊசிக்குத் திரும்பியிருந்தார்கள். அந்த ஒரு பார்வையோடு கோப்பை மூடியிருந்தால் ‘இவர்கள் திருந்தவே மாட்டார்கள்’ என்று எழுதி முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் எழுதினார்கள்.

ஜார்ஜ் வேலண்ட் என்ற மனநல மருத்துவர் மூடவில்லை. 1952 ஆகஸ்டுக்கும் 1953 ஜனவரிக்கும் இடையில் அங்கே சேர்ந்த நியூயார்க் நகரத்து ஆண்கள் 100 பேரை எடுத்துக்கொண்டார். 20 ஆண்டுக் கதையை 1973-ல் வெளியிட்டார். 23 பேர் இறந்துவிட்டார்கள், பெரும்பாலும் இயற்கையல்லாத சாவு. 25 சதவீதம் பேர் இன்னும் போதையில் இருப்பது உறுதியாகத் தெரிந்தது. 35 முதல் 42 சதவீதம் பேர் நிலையாக விட்டிருந்தார்கள். அதே ஆட்கள், அதே மருத்துவமனை. ஓராண்டில் பார்த்தால் படுதோல்வி. இருபதாம் ஆண்டில் பார்த்தால் கணிசமானவர்கள் கரையேறியிருக்கிறார்கள். கரையேறியதற்குக் காரணம் மருத்துவமனையில் படுத்திருந்த நாட்கள் அல்ல, வெளியே வந்த பிறகு நீண்ட காலம் ஒருவர் மேற்பார்வையில் இருந்தது, புதிய உறவுகள் அமைந்தது போன்ற விஷயங்கள்தான் என்பது அவருடைய முடிவு. மையம் நடத்துகிறவர்களுக்கு இது அவ்வளவு இனிப்பான செய்தி அல்ல.

35 முதல் 42 வரை என்று அவர் இடைவெளி விட்டு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். சிலரைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதனால் ஒரே எண்ணாகச் சுருக்கவில்லை. எங்கள் அறிக்கைக் கூட்டத்தில் யாராவது ‘35 முதல் 42’ என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இதைவிடப் பெரியது கலிஃபோர்னியா ஆய்வு. 1962-க்கும் 1964-க்கும் இடையில் நீதிமன்ற உத்தரவின் பேரில் சிகிச்சைத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட ஹெராயின் நோயாளிகள் 581 ஆண்கள். 1970-களின் நடுவில் ஒருமுறை, 1980-களின் நடுவில் ஒருமுறை, 1996-97-ல் ஒருமுறை தேடிப் போய்ப் பேசினார்கள். யீ-இங் ஷெர் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2001-ல் வெளியிட்ட அந்த 33 ஆண்டுக் கணக்கை நான் எத்தனை முறை படித்திருப்பேனோ! 284 பேர் செத்துப்போயிருந்தார்கள். கிட்டத்தட்ட பாதி. 242 பேரோடு பேசியிருக்கிறார்கள். அவர்களின் சராசரி வயது 57. சிறுநீர்ப் பரிசோதனையில் 20.7 சதவீதம் பேருக்கு ஹெராயின் இருந்தது. 9.5 சதவீதம் பேர் சிறுநீர் கொடுக்க மறுத்துவிட்டார்கள். 14 சதவீதம் பேர் சிறையில், அவர்களுக்குப் பரிசோதனை செய்ய முடியவில்லை. கடந்த ஓராண்டில் ஹெராயின் எடுத்தீர்களா என்ற கேள்விக்கு 40.5 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

நான் மயங்கியது அந்த 9.5-க்கும் 14-க்கும்தான். மறுத்தவர்களைத் தூக்கிவிட்டு, சிறையில் இருப்பவர்களைத் தூக்கிவிட்டு, மிச்சத்தை வகுத்துப் போட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். செத்தவர்களையும் சொல்லி, மறுத்தவர்களையும் சொல்லி, கம்பிக்குள் இருப்பவர்களையும் சொல்லி, 581 பேருக்கும் கணக்குக் காட்டப் பார்த்திருக்கிறார்கள். அதோடு, பரிசோதனையில் தெரிந்ததைவிட வாயால் ஒப்புக்கொண்டவர்கள் அதிகம் என்பதையும் பாருங்கள். சிறுநீர் சில நாட்களைத்தான் சொல்லும். ஓராண்டை மனிதர்தான் சொல்ல வேண்டும். பரிசோதனை பொய் சொல்லாது, ஆட்கள் பொய் சொல்வார்கள் என்று எங்கள் வார்டில் பலர் நினைக்கிறார்கள். தண்டனை கிடைக்காது என்ற உறுதி இருந்தால் ஆட்கள் அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை.

சாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பதிவேட்டில் அது தோல்வியாகக்கூட வருவதில்லை. எங்களிடம் இருந்த பழைய படிவத்தில் மூன்றே கட்டங்கள்: குடிக்கவில்லை, குடிக்கிறார், தொடர்பில் இல்லை. இறந்தவர் எந்தக் கட்டத்தில்? பட்டியலிலிருந்து பெயரையே எடுத்துவிடுவது வழக்கமாக இருந்தது. எடுத்தவுடன் வகுக்கிற எண் குறையும், சதவீதம் கூடும்.

லண்டனில் ஜான் ஸ்ட்ராங்கும் சக மருத்துவர்களும் 2003-ல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இருக்கிறது. அபின் வகைப் போதையிலிருந்து விடுபட உள்நோயாளிகளாகச் சேர்ந்த 137 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். அவர்களில் 37 பேர் சிகிச்சையை ஒழுங்காக, முழுமையாக முடித்துப் போனவர்கள். மூன்று பேர் அளவு மீறிய போதையால் இறந்தார்கள். மூவருமே நான்கு மாதத்துக்குள். மூவருமே அந்த 37 பேரில் இருந்தவர்கள். பாதியில் ஓடிப்போனவர்களில் ஒருவர்கூட அப்படிச் சாகவில்லை. காரணம் உடலின் பழக்கம். சிகிச்சையில் உடல் சுத்தமாகிவிடுகிறது, தாங்கும் சக்தி போய்விடுகிறது. வெளியே வந்து ஒரு பலவீனமான நாளில் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. டிஸ்சார்ஜ் அன்று கணக்கெடுத்திருந்தால் இந்த மூவரும் முதல்தர வெற்றிகள்.

இது எங்கோ நடக்கிற கதை அல்ல. குடிநோயாளிகள்தான் எங்களிடம் எப்போதும் அதிகம். ஆனால் சில ஆண்டுகளாக, வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையன்களும் வருகிறார்கள். டேப்பென்டடால் என்ற பெயரைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். இருபது, இருபத்திரண்டு வயது. பெரும்பாலும் அம்மாதான் கூட்டிக்கொண்டு வருவார். இந்தப் பையன்களுக்கு மூன்றாம் மாதம் வரை காத்திருக்க முடியாது என்று சண்டை போட்டு, முதல் வாரத்திலேயே அழைப்பது என்று மாற்றியிருக்கிறோம். போகும்போது அம்மாவைத் தனியாக உட்காரவைத்து, இனி பழைய அளவு அவன் உடம்புக்குத் தாங்காது என்பதைப் பச்சையாகச் சொல்லிவிடுவோம். “நல்ல வாக்குச் சொல்லி அனுப்பக் கூடாதா?” என்று ஒரு அம்மா அழுதார். அழட்டும் என்றுதான் நினைத்தேன். என்ன செய்வது?

பெரிய ஆய்வுகளிலிருந்து எல்லோரும் எடுத்துச் சொல்கிற இன்னொரு விஷயம், சிகிச்சையில் மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் பலன் என்பது. அமெரிக்காவில் 1969 முதல் 1973 வரை சுமார் 44,000 நோயாளிகளைப் பதிவு செய்த ஆய்விலிருந்து இந்தப் பேச்சு வருகிறது. எங்கள் ஊரில் ஒரு மாதம் விடுப்பு எடுப்பதற்கே கூலிக்காரர் கடன் வாங்க வேண்டும் என்பது ஒருபுறம். மூன்று மாதம் தங்கியதால் தேறினார்களா, தேற வேண்டும் என்ற உறுதி இருந்ததால் மூன்று மாதம் தங்கினார்களா என்பது இன்னொருபுறம். நீளமான பேக்கேஜை விற்கிற தனியார் மையங்கள் ‘மூன்று மாதம் தங்கியதால் தேறினார்கள்’ என்பதை மட்டும் சொல்வார்கள்.

வியட்நாமில் சண்டையிட்ட அமெரிக்கப் போர்வீரர்கள் கதையையும் அடிக்கடி மேடையில் சொல்வார்கள். அங்கே ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கோ அபினுக்கோ அடிமையாக இருந்தார்; 1971-ல் ஊர் திரும்பியதும் மிகச் சிலரே மறுபடி அடிமையானார்கள்; ஆகவே மன உறுதி இருந்தால் போதும், என்பதாகப் பேச்சு முடியும். ஆய்வு செய்த லீ ராபின்ஸ் அப்படிச் சொல்லவில்லை. போர்வீரர் போதையையும் போரையும் சேர்த்து ஒரு தேசத்தில் விட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டார். எங்கள் ஆள் லால்குடி பஸ்ஸில் ஏறி அதே தெருவில், அதே டாஸ்மாக் கடைக்கு முன்னால் இறங்குகிறார். அந்த ஆய்வில் நான் வியப்பது வேறு: தேர்ந்தெடுத்த வீரர்களில் 96 சதவீதம் பேரை நாடு முழுக்கத் தேடிப்பிடித்துப் பேட்டி எடுத்திருக்கிறார்கள். 96! தலைவணங்குகிறேன்.

தாமஸ் மெக்லெல்லனையும் சொல்ல வேண்டும். குடியை மட்டும் கேட்காதே, உடல்நலம், வேலை, மது, மற்ற போதை, வழக்கு, குடும்பம், மனநலம் என்று ஏழு பக்கமும் கேள் என்று 1980-ல் ஓர் அளவுகோலை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். அவரே 2000-ல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுக்கிறோம். மாத்திரை சாப்பிடும்வரை அழுத்தம் இறங்குகிறது, நிறுத்தினால் ஏறுகிறது. மாத்திரை வேலை செய்கிறது என்பதற்கு அதையே சாட்சியாகச் சொல்கிறோம். போதைக்குச் சிகிச்சை கொடுக்கும்வரை தேறுகிறார். நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குடிக்கிறார். சிகிச்சை பலிக்கவில்லை என்கிறோம். ஒரே மாதிரி நடப்புக்கு இரண்டு தீர்ப்பு. என் மாமியாருக்கு இருபது வருடமாக ரத்த அழுத்தம். தீபாவளிக்கு முறுக்கும் ஊறுகாயும் சாப்பிட்டு எகிறிவிடும். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுப்பார். அவரை ‘தோல்வி’ என்று ஒருவரும் பதிவேட்டில் எழுதியதில்லை.

இனி, எழுத முடியாமல் நான் திண்டாடிய ஒருவரைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். தொட்டியம் பக்கம் வாழைத்தார் வெட்டி லாரியில் ஏற்றுகிற வேலை. எங்களிடம் வந்தபோது விடிந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலை. மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் ‘குடிக்கவில்லை’. ஓராண்டில் ‘குடிக்கிறார்’. இரண்டாம் ஆண்டு ஆளே கிடைக்கவில்லை. மூன்றாவது எண்ணும் அணைந்துவிட்டது. மூன்றாம் ஆண்டு, அவர் தாயாரின் ஊருக்கே போய்த்தான் பிடித்தேன். ‘குடிக்கிறார்’. நான்காம் ஆண்டும் அதே. ஐந்தாம் ஆண்டு ‘குடிக்கவில்லை’.

படிவம் இவ்வளவுதான் சொல்கிறது. மூன்றாம் ஆண்டு அந்த வீட்டுத் திண்ணையில் அவர் மனைவி சொன்னது படிவத்தில் இல்லை. “குடிக்கிறார், மேடம். ஆனால் இப்போதெல்லாம் காலையில் குடிப்பதில்லை.” திருவிழா வந்தால், சாவு விழுந்தால் மூன்று நாள், நான்கு நாள் குடிப்பார். பிறகு தானாகவே நிறுத்திவிட்டு, முசிறியில் நடக்கிற ஏ.ஏ. கூட்டத்தில், அதாவது குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தில், போய் உட்காருவார். கூலிப் பணத்தில் பாதி வீட்டுக்கு வருகிறது. மகள் பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர்ந்திருக்கிறாள். சேர்க்கைக்கு அவர்தான் கூடப் போனார், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு. காலையில் குடிக்காதது என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமில்லை. அந்த அம்மாவுக்கு அது பாதி நாள். மருத்துவக் கணக்கிலும் அது சின்ன விஷயமல்ல; கை நடுங்காமல் விடிகிறது என்றால் உடலின் மேல் குடியின் பிடி தளர்ந்திருக்கிறது. அன்று நான் ‘குடிக்கிறார்’ என்ற கட்டத்தில்தான் டிக் அடித்தேன். வேறு கட்டம் இல்லையே.

இதற்கு நேரெதிரான ஒருவரும் உண்டு. எல்லா ஆண்டும் ‘குடிக்கவில்லை’. ஒரு சொட்டு இல்லை, உண்மை. மையத்தில் ஆண்டுவிழா மேடையில் மாலை போட்டார்கள். குடியை விட்ட கையோடு தூக்க மாத்திரையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் அவரோடு யாரும் பேசுவதில்லை. மனைவி மகன் வீட்டுக்குப் போய்விட்டார். எங்கள் பதிவேட்டிலேயே அழகான வரி அவருடையது.

போன ஆண்டு ஒருவழியாகப் படிவத்தை மாற்றினோம். இறந்தவருக்குத் தனிக் கட்டம், காரணத்தோடு. தேடியும் கிடைக்காதவருக்குத் தனி, பேச மறுத்தவருக்குத் தனி. கடந்த முப்பது நாளில் குடித்த நாட்கள் எத்தனை என்று ஒரு எண். வேலைக்குப் போன நாட்கள் எத்தனை என்று ஒரு எண். காலையில் குடிப்பதுண்டா என்று நானே ஒரு வரி சேர்த்தேன். வகுப்பது எப்போதும் சிகிச்சையைத் தொடங்கிய எல்லோரையும் வைத்து. முடித்தவர்களை மட்டும் வைத்து அல்ல. விளைவு எதிர்பார்த்ததுதான். எங்கள் சதவீதம் பாதாளத்துக்கு இறங்கியது. நிர்வாகக் குழுவில் ஒருவர், நல்ல மனிதர், கைப்பணம் போட்டு மையத்தை நடத்துகிறவர், அறிக்கையை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார்: “பக்கத்து மையம் எண்பத்தைந்து என்று போடுகிறது. நாம் இதைப் போட்டால் யார் அம்மா நம்மிடம் வருவார்கள்?”

அந்தக் கேள்வி அநியாயமானது அல்ல. மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். இப்படிப்பட்ட நாட்டில், வாசல் வரை வந்த ஒரு குடும்பத்தைக் குறைந்த எண்ணைக் காட்டி விரட்டலாமா? நான் சொன்ன பதில் இது: எண்பத்தைந்து என்று கேட்டு நம்பி வருகிற மனைவி, ஆறாம் மாதம் அவர் மறுபடி குடித்ததும் ‘எண்பத்தைந்து பேர் தேறியிருக்கிறார்கள், என் புருஷன்தான் மோசம்’ என்று நினைப்பாள். அவனும் அப்படியே நினைப்பான். இருவருமே திரும்பி வர மாட்டார்கள். மறுபடி குடிப்பது பலருக்கு நடப்பதுதான், நடந்தால் உடனே வாருங்கள் என்று முதல் நாளே எண்ணைக் காட்டிச் சொல்லிவிட்டால் வருவார்கள். அவர் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் இரண்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சிடுவது என்று முடிவாயிற்று: தொடர்பில் இருப்பவர்களை வைத்து இத்தனை, சேர்ந்தவர்கள் எல்லோரையும் வைத்து இத்தனை. பெரிய எண் கொஞ்சம் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது. அதற்கு மேல் என்னால் மல்லுக்கட்ட முடியவில்லை.

தேடுவதற்கான செலவுக்கு எங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் இன்னும் ஒரு வரி கிடையாது. பஸ் கட்டணம் ‘இதர செலவுகள்’ என்ற தலைப்பில் போகிறது, ஜெனரேட்டர் டீசலோடு. படுக்கைக்கு நிதி தர ஆள் இருக்கிறது, மின்விசிறிக்கு உபயதாரர் பெயர் எழுதிக்கொள்ளலாம்; துறையூருக்குப் போய் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வருவதற்கு யார் உபயம் செய்வார்கள்?

இதைப் படிக்கிறவர்களில் எப்போதோ எங்கேயோ சிகிச்சை எடுத்தவர்கள் இருக்கலாம், அல்லது அவர்கள் வீட்டார். அந்த மையத்திலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். தெரியாத எண்ணாக இருக்கும். கடன் செயலிக்காரன் என்று நினைத்துத் துண்டிக்காதீர்கள், என்னைப் பலர் அப்படி நினைத்துத் திட்டியிருக்கிறார்கள். மறுபடி குடிக்கிறவராக இருந்தால் கட்டாயம் எடுங்கள். குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உடனே வைத்துவிட்டாலும் சரி, எனக்கு அது போதும். உங்கள் பெயருக்கு நேரே ‘தொடர்பில் இல்லை’ என்று எழுத வேண்டியிருக்காது. எண் மாறினால் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், நானே திரும்ப அழைக்கிறேன்.